ஒரு பம்ப், ரெண்டு சுற்று

இதைப் படிக்க மெடிக்கல் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். ப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாதியும், பேசிக் எலெக்ட்ரிக்கல்ல வர்ற சீரீஸ், பேரலலும் ஞாபகம் இருந்தா போதும். இன்டர்னல் மார்க்குக்காகப் படிச்ச இந்த ரெண்டும், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு குழந்தை பிழைக்குமா இல்லையான்னு தீர்மானிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அங்கேதான் உங்களைக் கூட்டிட்டுப் போகப் போறேன்.

முதல்ல சாதாரண இதயம். பார்க்க ஒரே உறுப்பு. உண்மையில ஒரே உறைக்குள்ள ரெண்டு பம்ப். வலது பம்ப் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புது, அதுக்குக் கொஞ்சம் அழுத்தம் போதும். இடது பம்ப் அதே ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளுது, அதுக்கு நிறைய அழுத்தம் வேணும். ரெண்டும் சீரீஸ்ல இருக்கு.

100 குழந்தைகள்ல கிட்டத்தட்ட ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்துல ஏதோ ஒரு குறை இருக்கும். பயப்பட வேண்டாம், அதுல பெரும்பாலானவை சின்ன ஓட்டை மாதிரியான விஷயங்கள். சிலது தானா மூடிக்கும். நான் சொல்ல வர்றது அதை இல்லை, ஒரு பம்பே உருவாகாம போறதை. இடது கீழறை சரியா வளராத நிலை அதுல ஒண்ணு. ஆங்கிலத்துல ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் சிண்ட்ரோம். தாய் வயித்துக்குள்ள பிரச்சனை தெரியாது. அங்கே நுரையீரலுக்கு வேலை இல்லை, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கிற ஒரு சின்னக் குழாய் திறந்தே இருக்கும். வலது பம்ப் அந்த பைபாஸ் வழியா உடம்பையும் கவனிச்சுக்கும். பிறந்த சில நாள்ல அந்தக் குழாய் மூடும். அது மூடினா உடம்புக்கு ரத்தம் இல்லை. 1980 வரைக்கும் இந்தக் குழந்தைகள்ல அநேகமா எல்லாருமே சில வாரத்துக்குள்ள இறந்துபோனாங்க.

கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. 1944 நவம்பர் 29, அமெரிக்காவின் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாம நீலம் பாரிச்சிருந்த ஒரு பெண் குழந்தைக்கு, கைக்குப் போற தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில தைச்சாங்க. யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவரோடது. கத்தி பிடிச்சவர் ஆல்ஃப்ரெட் பிளாலாக். ஆனா அந்தத் தையலை நாய்களை வெச்சுத் திரும்பத் திரும்பச் செஞ்சு முறையை உருவாக்கினவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிஞ்சவர், டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த காசு பொருளாதார வீழ்ச்சியில போனதால பரிசோதனைக் கூடத்துல உதவியாளரா சேர்ந்தவர். ஆபரேஷன் நடக்கும்போது பிளாலாக்குக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் மேல நின்னு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு வெச்ச பேர்ல அவர் இல்லை, பல வருஷம் கழிச்சுத்தான் சேர்த்தாங்க. பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976ல. நம்ம லேப் அசிஸ்டன்ட் அண்ணன்களை நினைச்சுக்கிட்டே இந்தப் பகுதியை எழுதினேன், வேற காரணம் இல்லை.

அந்த ஒட்டுக்குழாய்தான் இடது பம்ப் இல்லாத குழந்தைக்கும் உதவிச்சு. பாஸ்டனில் வில்லியம் நார்வுட் 1980களின் தொடக்கத்துல செஞ்சு காட்டினது இதுதான்: இருக்கிற ஒரே பம்பான வலது கீழறையை உடம்புக்கு ரத்தம் அனுப்ப வெச்சுக்கோ, நுரையீரல் தமனியோட அடிப்பகுதியை மகாதமனியா மாத்திக்கோ, நுரையீரலுக்கு மட்டும் ஒரு சின்னச் செயற்கைக் குழாய் போடு. இப்போ சர்க்யூட்டைப் பாருங்க. சீரீஸ்ல இருந்தது பேரலல் ஆயிடுச்சு. ஒரே சோர்ஸ், ரெண்டு லோடு. நுரையீரல் பக்கம் ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சா எல்லா ரத்தமும் அங்கே ஓடும், உடம்பு பட்டினி. கூடினா குழந்தை நீலமாகும்.

அந்தக் குழாயோட விட்டம் சுமார் 3.5 மில்லிமீட்டர். அதை 4 மில்லிமீட்டர் ஆக்கினா என்ன ஆகும்னு பாய்சாய் சூத்திரத்துல போட்டுப் பாருங்க. ஆரத்தோட நாலாவது அடுக்கு. ஏறக்குறைய 1.7 மடங்கு. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஓட்டம் 70% கூடுது! துடிக்கிற ரத்தத்துக்கு அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாதுதான். ஆனா சர்ஜன் ஏன் அரை மில்லிமீட்டருக்கு அவ்வளவு யோசிக்கிறார்னு புரிஞ்சிடும்.

குழாயை எங்கேயிருந்து எடுக்கிறதுங்கிறதும் கேள்வி. தமனியிலிருந்து எடுத்தா இதயம் ஓய்வெடுக்கிற நேரத்துலயும் ரத்தம் நுரையீரலுக்கு வழிஞ்சுக்கிட்டே இருக்கும். இதயத் தசைக்கே ரத்தம் கிடைக்கிறது முக்கியமா அந்த ஓய்வு நேரத்துலதான், அது குறையும். ஜப்பானின் ஷுன்ஜி சானோ நேரா கீழறையிலிருந்தே குழாய் எடுக்கிற முறையைப் பரப்பினார். வட அமெரிக்காவுல 549 குழந்தைகளை வெச்சு ரெண்டையும் ஒப்பிட்டு 2010ல முடிவு வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல மாற்று இதயம் வைக்காம உயிரோட இருந்தவங்க, சானோ முறையில 74%, பழைய முறையில 64%. வருஷம் போகப் போக அந்த இடைவெளி சுருங்கிடுச்சு. எது உசத்தின்னு ஒரே வரியில சொல்ல முடியாது.

முதல் ஆபரேஷனுக்கும் நாலஞ்சு மாசம் கழிச்சு வர்ற ரெண்டாவதுக்கும் நடுவுல உள்ள காலம்தான் மோசமானது. ஆபரேஷன் நல்லா முடிஞ்சு, டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுல திடீர்னு இறந்துபோற குழந்தைகள் இருந்தாங்க. மில்வாக்கி நகரத்துல ஒரு குழு இதுக்குக் கொண்டுவந்த தீர்வு, நான் படிச்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. புது மருந்து இல்லை, புது ஆபரேஷன் இல்லை. பெற்றோர் கையில ஒரு எடை மெஷினையும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் கொடுத்தாங்க. தினமும் அளந்து எழுதணும். ஒரே நாள்ல 30 கிராம் குறைஞ்சாலோ, மூணு நாள்ல 20 கிராம்கூட ஏறலைன்னாலோ, ஆக்ஸிஜன் அளவு விழுந்தாலோ உடனே போன். அதுக்கு முன்னாடி அந்த இடைவெளியில நூத்துக்குப் பதினஞ்சு பேருக்கு மேல இறந்துட்டிருந்தாங்க. 2003ல வந்த அவங்க முதல் அறிக்கையில, வீட்டுல அளந்த குழந்தைகள்ல அந்த இடைவெளியில யாரும் இறக்கலை.

அந்த ஆக்ஸிமீட்டரோட தத்துவத்தை 1970களில் கண்டுபிடிச்ச டக்குவோ அயோயாகி ஒரு ஜப்பானிய இன்ஜினியர். சிவப்பு, இன்ஃப்ராரெட் ரெண்டு ஒளியையும் அனுப்பி, துடிப்போட மாறுற பகுதியை மட்டும் பிரிச்செடுக்கிறது. ஈசிஇ மக்களே, உங்க ஆளு. இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். இதே கருவியைப் பிறந்த குழந்தையோட காலில் சில நிமிஷம் மாட்டினா, வெளியே எதுவும் தெரியாத சில பெரிய இதயக் குறைகளை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே சந்தேகிக்க முடியும். உங்க அக்கா, அண்ணி யாராவது மாசமா இருந்தா, டெலிவரி ஆனதும் இந்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்கச் சொல்லுங்க. பால் குடிக்கும்போது குழந்தைக்கு வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கிப் பாதியில விட்டா, உதடு நீலமானா, "வெயில்தான்"னு வீட்டுல உட்கார வேண்டாம்.

சரி, கடைசி ஆபரேஷன். பிரான்ஸின் போர்டோ நகரத்துல ஃப்ரான்சிஸ் ஃபொன்டான் 1968ல செஞ்சு 1971ல வெளியிட்டது. நுரையீரலுக்குப் பம்பே வேண்டாம், உடம்பிலிருந்து திரும்பி வர்ற சிரை ரத்தத்தை நேரா நுரையீரல் தமனியில விட்டுடுங்கன்னார். (சிரைங்கிற சொல்லை நான் தங்கச்சியோட தமிழ் மீடியம் புத்தகத்துலதான் பார்த்தேன்.) பேரலல் மறுபடி சீரீஸ் ஆயிடுச்சு, ஒரு பம்ப் குறைவா. இதை முதல்லயே செய்யாம ரெண்டு, மூணு வயசு வரைக்கும் படிப்படியா போறது ஏன்னா, பிறந்த குழந்தையோட நுரையீரல்ல ரெசிஸ்டன்ஸ் அதிகம், பம்ப் இல்லாம ரத்தம் ஏறாது.

ஆரம்பத்துல மேலறையையும் அந்தப் பாதையில சேர்த்துத் தைச்சாங்க, அது கொஞ்சம் தள்ளிவிடும்னு நம்பிக்கை. லண்டனில் மார்க் டி லெவால் குழாய் மாடல் வெச்சுப் பரிசோதிச்சு, நடுவுல இருக்கிற அந்த அறை உதவலை, ஆற்றலைத் தின்னுதுன்னு 1988ல காட்டினார். அதை விட்டுட்டு நேர்ப் பாதை போட்டாங்க. 1996ல அவரும் மிலான் இன்ஜினியர்களும் சிஎஃப்டி ஓட்டினாங்க: மேல் பெருஞ்சிரையும் கீழ் பெருஞ்சிரையும் நேருக்கு நேர் மோதினா இழப்பு அதிகம், கொஞ்சம் தள்ளித் தைச்சா குறையும். ஆன்சிஸ்ல நாம போடற டி-ஜாயின்ட் மாதிரியான ஒரு கணக்குதான்.

இதோட பலன்? மேயோ கிளினிக்கில் 1973லிருந்து 2012 வரை ஃபொன்டான் செஞ்ச 1052 பேரைப் பார்த்தாங்க. 30 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 43%. ஆனா 2001க்கு அப்புறம் செஞ்சவங்கள்ல 10 வருஷம் தாண்டினவங்க 95%. நம்ம வயசுல காலேஜ் போற, வேலைக்குப் போற, பாதி இதயக்காரங்க இப்போ இருக்காங்க.

குணமாயிட்டாங்கன்னு மட்டும் சொல்ல முடியாது. பம்ப் இல்லாம ரத்தம் நுரையீரலைக் கடக்கணும்னா சிரைப் பக்கம் அழுத்தம் எப்பவும் கூடவே இருக்கணும். அந்தக் கூடுதல் அழுத்தத்தை வருஷக்கணக்கா கல்லீரல் தாங்குது, மெல்லத் தழும்பாகுது. மாடி ஏறும்போது ஓட்டத்தைக் கூட்ட வலது பம்ப் இல்லை.

தேவைப்படறது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். தண்ணீர்க் கணக்குல 7 சென்டிமீட்டர் உயரம், ஒரு டீ டம்ளர் அளவு. அதை மட்டும் ஏத்திவிட அந்தச் சந்திப்புல வைக்கிற மாதிரி ஒரு சின்ன இம்பெல்லரை இண்டியானா பல்கலைக்கழகத்துல மார்க் ரோட்ஃபெல்ட் பல வருஷமா உருவாக்கிட்டு வர்றார். கண்டிஷன்கள் இவ்வளவுதான்: ரத்த அணுக்களை நசுக்கக் கூடாது, உறைய விடக் கூடாது, உறிஞ்சிச் சிரையைச் சப்பையாக்கக் கூடாது, வருஷக்கணக்கா ஓடணும். பேட்டரி தீர்ந்து நின்னுட்டாலும் பாதையை அடைக்காம ரத்தத்தை விட்டுடணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் இல்லைன்னு வாட்ஸ்அப் குரூப்புல புலம்புறவங்க, சிமுலேஷன் அளவுக்காவது இதைத் தொட்டுப் பாருங்க. ரிவ்யூவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு.