ஒரு சின்னக் கப்ளர்

விடியற்காலை நேரம். இட்லிக்கடை அக்கா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சில்லு ஒன்று பிளேடில் மாட்டிக்கொண்டது. கடகடவென்று சத்தம் வந்தது. மோட்டார் ஓடியது. பிளேடு மட்டும் சுற்றவில்லை.

அன்று அம்மியில் அரைத்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பாதி இட்லி மீந்துவிட்டது.

மதியம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே இருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“இது பழைய மாடல்மா. பார்ட்ஸ் வர்றதில்லை. புதுசு வாங்கிக்குங்க. பழசுக்கு 300 ரூபாய் கழிச்சுக்கிறோம்” என்றார்.

மிக்ஸி வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. விலை 3,800 ரூபாய். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கியது. அக்காவுக்கு மனசு ஆறவில்லை. தெருமுனை ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்காரத் தம்பி ஜாரை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

“மோட்டார் நல்லா இருக்கு அக்கா. உடைஞ்சது கப்ளர் மட்டும்தான். ஆனா இந்த மாடலுக்கு அளவு வேற. வெளிக்கடையில கிடைக்காது. கம்பெனிதான் தரணும்.”

“இத்தனூண்டு சாமானுக்காகவா மிக்ஸியையே தூக்கிப் போடச் சொன்னாங்க?”

கப்ளர் என்ன செய்கிறது?

மிக்ஸியின் தலையில் பல் வைத்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதுதான் கப்ளர். ஜாரின் அடியிலும் ஒன்று இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் மோட்டாரின் வேகம் பிளேடுக்குப் போகும்.

பிளேடு மாட்டிக்கொண்டால் மோட்டார் திணறும். அப்போது கப்ளரின் பல் உடையும். மோட்டார் தப்பிக்கும். விலை அதிகமான மோட்டாரைக் காப்பாற்ற விலை குறைந்த கப்ளர் உடைகிறது.

உடையக்கூடிய சாமானை வைத்துத்தான் மிக்ஸி செய்கிறார்கள். அப்படியானால் அந்தச் சாமானைத் தனியாக விற்கவும் வேண்டும் அல்லவா? விற்காவிட்டால் நல்ல மோட்டாரும் குப்பைக்குத்தான் போகும்.

செல்போன் பேட்டரியும் இப்படித்தான். நாளாக நாளாக அதன் சக்தி குறையும். பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல போனும் வீண்தான்.

பழுதுபார்க்கும் உரிமை

நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்த வழி இருக்க வேண்டும். உதிரிபாகம் நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் முறை வெளிக்கடைக்காரருக்கும் தெரிய வேண்டும். இதையே பழுதுபார்க்கும் உரிமை என்கிறோம்.

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கையும் அந்தக் குழு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினம். அன்று இதற்கென ஓர் அரசு இணையதளம் தொடங்கப்பட்டது. 2025-இல் இன்னொரு குழு ஒரு யோசனை சொன்னது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எளிதா, கடினமா என்று மதிப்பெண் போட வேண்டும் என்பதே அந்த யோசனை.

அக்கா என்ன செய்தார்?

அக்காவிடம் பில் இருந்தது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் தேதியையும் விலையையும் அவரே படித்தார். மாடல் எண்ணை மகள் படித்துச் சொன்னாள்.

பிறகு 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தார். இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். நடந்ததைச் சொன்னார். அவர்கள் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அக்கா அதைக் காலண்டரில் எழுதி வைத்தார்.

புகார் கம்பெனிக்குப் போனது. பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேறு ஊர்க் கிடங்கில் கப்ளர் இருந்ததாம். ரிப்பேர் கடைத் தம்பி அதை வாங்கிப் பொருத்தினார். எல்லாம் சேர்த்து 180 ரூபாய் ஆனது.

அந்தப் பத்து நாளும் அக்கா அம்மியில்தான் அரைத்தார். கை வலித்தது. ஆனால் புது மிக்ஸிக்குக் கடன் வாங்கவில்லை.

நினைவில் வைப்போம்

- வாங்கும்போதே கேளுங்கள்: “இதற்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? எத்தனை வருடம் கிடைக்கும்?”
- பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு.
- வாரண்டி காலத்தில் வெளியில் கொடுத்துத் திறந்தால், கம்பெனி இலவசமாகச் செய்ய மறுக்கலாம். முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள்.
- 1915-இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் ஓடாமல் கிடக்கும் பொருள் எது? அதில் எந்தப் பாகம் கெட்டது?
2. “புதுசு வாங்குங்க” என்று உங்களிடம் யாராவது சொன்னது உண்டா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றின் பில்லை எடுங்கள். கடையின் பெயர், வாங்கிய தேதி, விலை, மாடல் எண் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுங்கள்.