ஏரி மண்ணும் எட்டு மாடியும்

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் ஒரு பழைய வீட்டை இடிக்கத் தொடங்கினாலே அதே பேச்சு கிளம்பிவிடுகிறது: "இது ஏரி மண். நாலு மாடிக்கு மேல் தாங்காது, புதைந்துவிடும்." படித்தவர்களும் விசாரிக்காமல் இதைப் பரப்புகிறார்கள். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தில் ஏரி வெட்டி, பக்கத்து நிலத்தை மேடாக்கியது உண்மைதான். ஆனால் நிரப்பிய மண் மேற்பரப்பு மட்டுமே. கொல்கத்தா முழுவதும் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்: மேலே இளகிய களிமண், அதன் அடியில் இறுகிய களிமண், பிறகு மணல். உயரமான கட்டடம் இளகிய மண்ணை நம்பி நிற்பதில்லை. பைல்கள் எனப்படும் நிலத்தடித் தூண்கள் வழியாகப் பாரத்தை ஆழத்திலுள்ள கெட்டியான அடுக்குகளுக்கு இறக்கிவிடுகிறது. ஏரிக்குத் தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் சவுத் சிட்டியின் 35 மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. சௌரங்கியில் 'தி 42' சுமார் 260 மீட்டர் எழுந்திருக்கிறது. கண்ணெதிரே இருப்பதைப் பார்த்த பிறகும் புதையும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

கொல்கத்தாவில் விழுந்தவை எவை என்று பாருங்கள். 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் இடிந்து பத்துப் பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது, அனுமதியின்றி எழுந்துகொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம். 2025 ஜனவரியில் பாகாஜதினில் சாய்ந்தது நான்கு மாடி வீடு. அதைத் தூக்கி நிமிர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆபத்து உயரத்தில் இல்லை, மண் பரிசோதனை செய்யாமல், பொறியாளரை ஒதுக்கிவிட்டு நாலைந்து மாடி எழுப்புவதில் இருக்கிறது. "நிலநடுக்கம் வந்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய ஏரிப் படுகையில் அமைந்த மெக்சிகோ நகரில் 1956இல் திறந்த லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் 44 மாடி. ஆழமான பைல்கள் மேல் நிற்பது. 1985 நிலநடுக்கத்தை அது தாங்கியது. அன்று அதிகம் நொறுங்கியவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். இளகிய மண் அசைந்த வேகமும் அவற்றின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போயின. ஆகவே மாடிகளை எண்ணிப் பயப்படுவதில் பொருளில்லை. அந்தந்த மண்ணுக்கான கணக்குத்தான் முக்கியம்.

உயரம் வந்தால் கூட்டம் பெருகும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2001இல் 45.7 லட்சமாக இருந்த கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை, கோபுரங்கள் எழுந்த அதே பத்தாண்டில், 2011இல் 45 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. உயர்ந்தால் தீ விபத்து என்பார்கள். 2010இல் 43 பேரைப் பலிகொண்ட ஸ்டீஃபன் கோர்ட் வானளாவிக் கட்டடமல்ல.

அதற்காக எங்கும் கட்டலாம் என்று பொருளில்லை. சௌரங்கிக்கு அகன்ற சாலை, 1984 முதல் மெட்ரோ, எதிரே மைதானம் உண்டு. கோபுரங்கள் அங்கே பொருந்தும். காலிகாட் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் ராஷ்பிஹாரி அவென்யூ முகப்பிலும் எட்டுப் பத்து மாடி தாங்கும். லேக் மார்க்கெட்டின் உள்தெருக்களில் கூடாது: தீயணைப்பு ஏணி வண்டி திரும்ப அங்கே இடமில்லை.

நிலம் தாழ்வதைப் பற்றி நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள் ஆழ்குழாய்க் கிணறுகளைப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள மணலிலிருந்து நீரை உறிஞ்ச உறிஞ்ச மேலுள்ள களிமண் அமுங்குகிறது; மெக்சிகோ நகரம் தாழ்ந்ததும் இப்படித்தான். ஹூக்ளி ஆற்று நீர் இணைப்பு உறுதியாகாமல் எந்த அடுக்குமாடிக்கும் அனுமதி தரக்கூடாது. இருக்கும் மூன்று மாடி வீடுகளும் தங்கள் ஆழ்குழாய்க் கிணறுகளை மூட வேண்டும், இந்த வருடமே.