கையால் கற்ற வரலாறு

வரலாறு என்றதும் நம் தோழியருள் பலர்க்கு நினைவில் எழுவது ஆண்டுகளின் வரிசைதான். எந்த மன்னனுக்குப் பின் எந்த மன்னன், எந்தப் போர் எந்த ஆண்டில் என்று நெட்டுருச் செய்து எழுதுகிறோம். தேர்வு முடிந்த மறுநாளே அவை எங்கோ போய்விடுகின்றன. அதே வரலாற்றைத் தொட்டும் செய்தும் கற்கலாம் என்பதை இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறிந்துகொண்டோம். அதைத் தங்கைமார்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதே’ என்னும் பலகையும் என்றே எண்ணியிருந்தோம். அந்தப் பலகைக்கும் காரணம் உண்டு. நம் பகுதியில் கிடைத்த பொருள்களின் கதையைக் கேட்டால் அது விளங்கும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூருக்கு 1876-இல் ஜெர்மானியரான யாகர் என்பவர் வந்து, தாழிகளைத் தோண்டியெடுத்துப் பல பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், விலங்குருவங்கள் பொருத்திய வெண்கல மூடிகளும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அவை 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. நெல்லைச் சீமைப் பிள்ளைகள் தம் முன்னோர் பொருள்களைப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். ஆகவே, சங்கரன்கோவிலிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில் திருநெல்வேலியிலேயே ஓர் அரசு அருங்காட்சியகம் இருப்பதும், அங்கே மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடப்பதும் சிறிய செய்தி அல்ல என்பது எங்கள் எண்ணம்.

அப்படி ஒரு பயிற்சிக்கு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையாகிய அருட்சகோதரி எங்களை அழைத்துச் சென்றார்கள். அங்கே கற்றவற்றுள் எங்களை மிகவும் கவர்ந்தது மைப்படி எடுத்தல். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடாதவர் நம்முள் யார்? அதே கலைதான் இது; ஆனால் பொறுமை வேண்டும். முதலில் கல்லைத் தூரிகையாலும் தண்ணீராலும் துடைக்க வேண்டும். கனமான தாளை நனைத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். பிறகு தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கறுப்பாகும், பள்ளத்தில் மை படாது. கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. ஈரம் மிகுந்தால் மை பரவிவிடும். முழுதும் காய்ந்துவிட்டால் தாள் கழன்று விழும். அந்த நேரத்தை விரல்தான் அறிய வேண்டும்.

திரும்பி வந்ததும், தலைமையாசிரியை அனுமதியோடு நம் பள்ளியின் பழைய கட்டடத்து அடிக்கல்லைப் படியெடுத்தோம். ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசிப் பூசி அதன் கீழ்ப்பகுதி மங்கியிருந்தது. மைப்படியில் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது. அது அந்தக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனாரின் பெயர்! நாள்தோறும் அதைக் கடந்துதான் செபக்கூடத்துக்குப் போகிறோம். ஒருவரும் அதைப் படித்ததில்லை.

இரண்டாவது பயிற்சி உடைந்த பானை ஓட்டில் பெயர் எழுதுவது. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன என்பதை நாம் படித்திருக்கிறோம். ஆணியை எடுத்துச் சுட்ட ஓட்டில் எங்கள் பெயர்களைக் கீறிப் பார்த்தோம். நேர்க்கோடு எளிதாக வந்தது. வளைவுக்கு ஆணி வழுக்கியது. இக்காலத் தமிழ் எழுத்தில் ‘ஜெ’ என்று கீற முயன்ற தோழி ஒருத்தி மூன்று ஓடுகளை வீணாக்கினாள். தமிழி எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகளாலானவை. அவற்றில் எழுதியபோது ஆணி சொன்னபடி கேட்டது. அடுத்து எழுத்தாணியும் பனையோலையும் தந்தார்கள். இங்கே நிலைமை தலைகீழ். ஓலையின் நரம்போடு நேராகக் கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடுகிறது. வளைத்து எழுதினால் தாங்குகிறது. ஓலையில் எழுதி எழுதித்தான் நம் எழுத்துகள் வட்டமாயின என்று அறிஞர் பலர் கூறுவதைக் கையே எங்களுக்கு விளக்கிவிட்டது.

கறுப்பு சிவப்புப் பானையைப் பற்றியும் கேட்டோம். ஒரே பானை உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது எப்படி? சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றுப் புகாது, புகை படிந்து கறுக்கும். வெளிப்புறத்தில் காற்றுப் படுவதால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு கூடிச் சிவக்கும் என்பது பொதுவான விளக்கம். வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனேற்றம் என்று மனப்பாடம் செய்தது இதைத்தானா என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் பயிற்சிக்குப் பள்ளிக்கே செல்லாமல் வீட்டிலிருந்து கற்கும் அண்ணன் தங்கை இருவர் தம் தாயாருடன் வந்திருந்தனர். இப்படிக் கற்பவர்கள் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்று அந்த அம்மா சொன்னார்கள். எங்களுக்கு முதலில் அவர்கள்பால் சிறிது இரக்கம் தோன்றியது. மணியும் இல்லை, தோழியரும் இல்லை அல்லவா! ஆனால் அந்தப் பையன் தொட்டுப் பார்ப்பதற்கென்று மேசைமேல் வைத்திருந்த ஓட்டுத் துண்டைத் திருப்பி, உட்புறத்தில் இருந்த பள்ளத்தில் தன் பெருவிரலை வைத்து, “அக்கா, இது பானை செஞ்சவங்க விரல்” என்றான். நாங்கள் நாற்பது பேர் அதே துண்டைக் கைமாற்றிக் கொடுத்து, அளவை மட்டும் குறிப்பேட்டில் எழுதியிருந்தோம். அவனுக்கு மணி அடிக்காததால் நேரம் இருந்தது. வகுப்பறையில் நமக்கும் அந்த நேரம் சிறிது கிடைத்தால் நன்றாயிருக்கும்.

விரலால் கற்பது புதுமையும் அன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் மணல்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் தடவிக் கற்குமாறு செய்தவர். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்றதை எங்கள் வீட்டு ஆச்சிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இவ்வளவும் கற்றபின் கழுகுமலைக்குச் சென்றோம். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். முன்பும் சிற்றுலாவாகச் சென்றிருக்கிறோம். வெட்டுவான் கோயிலைப் பார்த்து, புளிசாதம் உண்டு திரும்பியிருக்கிறோம். இம்முறை சமண உருவங்களின் கீழே உள்ள வட்டெழுத்துகளின் முன் உட்கார்ந்தோம். இவை பாண்டியர் காலத்தவை. 1,100 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. பல வரிகள் ‘ஸ்ரீ’ என்று தொடங்கி, இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்று முடிகின்றன. அந்த இன்னார் யார்? குயவர், தச்சர், கொல்லர் ஆகியோரும் அவர்களுள் உண்டு. மன்னர் பெயரைத் தேடிச் சென்ற எங்களுக்கு நம் அடிக்கல்லின் கொத்தனார் நினைவுக்கு வந்தார். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். துறவு பூண்ட அப்பெண்களுக்கு ஆண் மாணாக்கரும் பெண் மாணாக்கியரும் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இதைக் கேட்டபோது நாங்கள் எல்லாரும் ஒருசேர அருட்சகோதரியைத் திரும்பிப் பார்த்தோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, “என்னைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள்” என்றார்கள்.

அந்தக் கல்லை நாங்கள் தொடவில்லை. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் வேலை. ஆயிரம் பேர் தடவினால் எழுத்து மழுங்கும். வயலிலோ ஆற்றங்கரையிலோ ஓடு கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஆசிரியரிடம் இடத்தைச் சொல்லுங்கள். சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமியை ஆராய்ந்து, அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். யாராவது அந்தத் தாழியை முன்பே கிண்டி உமியைக் கொட்டியிருந்தால் அந்த ஆண்டு நமக்குத் தெரிந்திருக்காது. ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, மாணவர்கள் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்கிறார்கள். அதுபோன்ற மன்றம் ஒன்று நம் பள்ளியிலும் தொடங்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

“இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?” என்று எங்கள் அம்மாக்கள் கேட்டார்கள். வராது. வராத ஒன்றுக்காக இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டோம். பெற்றோர்கள் இதற்காக எங்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடிக்கல்லின் மைப்படி நூலகத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, வந்து பாருங்கள். திருநெல்வேலிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவும். அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் அப்படியே.