தொட்டியில் வளரும் சின்ன இறால்

வைட்டிலா கொச்சி நகரத்தில் இருக்கிறது. அங்கே பெரிய பேருந்து நிலையம் உண்டு. மெட்ரோ ரயில் நிற்கும். 2023 முதல் காக்கநாட்டுக்கு மெட்ரோ படகும் போகிறது. ஊர் எவ்வளவு வளர்ந்தாலும் தண்ணீர் அதை விட்டுப் போகவில்லை. திரும்பிய பக்கம் எல்லாம் வாய்க்கால். சற்றுத் தள்ளிக் காயல்.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு வாடகை வீடு. அதில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. சொந்த ஊர் தேனிப் பக்கம். அண்ணன் கட்டட வேலைக்குப் போகிறார். அக்கா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

பத்து இறாலும் செத்தன

மகளின் பிறந்த நாள் வந்தது. "அம்மா, எனக்குப் புதுத் துணி வேண்டாம். சிவப்பு இறால் வாங்கித் தா" என்றாள் மகள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இறாலைக் குழம்பு வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். ஆனாலும் சேமிப்பில் இருந்து பணம் எடுத்தார். ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார். பத்துச் செர்ரி இறால் வாங்கினார். ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம். மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு.

குழாயில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை நிரப்பினார்கள். உடனே இறாலை அதில் விட்டார்கள்.

மறுநாள் காலையில் பத்து இறாலும் செத்துக் கிடந்தன.

மகள் அழுதாள். "என்னால்தான் செத்துப்போச்சு" என்றாள். அண்ணனுக்குக் கோபம். "தொட்டியை விற்றுவிடு" என்றார். அக்கா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஆனால் விற்கவில்லை.

வாய்க்கால் இறால்

சில நாள் கழிந்தது. மகள் வாய்க்காலில் துணி போட்டு ஓர் இறால் பிடித்தாள். அதன் வயிற்றுக்குக் கீழே நிறைய முட்டைகள். காசு இல்லாமல் கிடைத்த இறால்! தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். இந்த முறை தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தாள். இறால் பிழைத்துக்கொண்டது. முட்டையும் பொரிந்தது. தூசு போன்ற குஞ்சுகள் தண்ணீரில் மிதந்தன. வீடே வேடிக்கை பார்த்தது.

நான்காம் நாள் ஒரு குஞ்சுகூட இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். இளம் வயதில் பொக்காளி வயலில் வேலை செய்தவர். எல்லாரும் அவரைச் சேட்டா என்றே கூப்பிடுவார்கள். அக்கா அவரிடம் கேட்டார்.

"சேட்டா, தாய் உயிரோடு இருக்கிறது. குஞ்சு மட்டும் ஏன் சாகிறது?"

"தங்கச்சி, இது ஆற்றுக் கொஞ்சுவின் சின்ன உறவு. தாய் நல்ல தண்ணீரில் வாழும். குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேணும்" என்றார் சேட்டன்.

மூன்று இறால், மூன்று தொட்டில்

எல்லா இறாலும் ஒன்று அல்ல. பிள்ளை வளரும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலாவது, கடல் இறால். இது கடலில் முட்டை இடும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் அலை ஏற்றத்தோடு காயலுக்கு வரும். பொக்காளி வயலுக்குள்ளும் வரும். பொக்காளி என்பது உப்பைத் தாங்கும் நெல். எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் விளைகிறது. மழைக் காலத்தில் வயலில் நெல். அறுவடைக்குப் பிறகு, நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதே வயலில் இறால். நெல்லின் தாள் மக்கி இறாலுக்கு இரை ஆகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு ஆகிறது. இந்த நெல்லை ஆராயும் நிலையம் வைட்டிலாவில்தான் இருக்கிறது. அது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது, ஆற்றுக் கொஞ்சு. இது ஒரு அடி நீளம்கூட வளரும். ஆற்றிலும் ஏரியிலும் வாழும். முட்டை சுமந்த தாய், நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்துக்குப் போகும். குஞ்சு அங்கே வளரும். பிறகு ஆற்றுக்குத் திரும்பும். வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் ஒரு தடுப்பணை உண்டு. 1970-களில் அது செயல்படத் தொடங்கியது. குட்டநாட்டு நெல்லை உப்பில் இருந்து காப்பதற்காகக் கட்டினார்கள். அதை மூடும் மாதங்களில் ஆற்றுக் கொஞ்சு போய்வரும் வழியும் அடைபட்டது. கொஞ்சு கிடைப்பதும் குறைந்தது.

மூன்றாவது, செர்ரி இறால். இதன் பூர்வீகம் சீனாவும் தைவானும். இது வாழ்வதும் பெருகுவதும் நல்ல தண்ணீரில்தான். குஞ்சு பிறக்கும்போதே தாயைப் போன்ற உருவத்தோடு பிறக்கும். பிறந்த அன்றே பாசியைப் பிடித்துக்கொண்டு மேயும். அதனால்தான் வீட்டுத் தொட்டிக்கு இது ஏற்றது.

அக்காவுக்கு இப்போது விவரம் புரிந்தது. வாய்க்கால் இறாலுக்கு வீட்டில் தொட்டில் இல்லை. மகள் அதைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டாள்.

தொட்டியைப் பழக்குதல்

முதல் பத்து இறால் ஏன் செத்தன? இரண்டு காரணங்கள்.

ஒன்று, குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது நல்லது. இறாலுக்கு நஞ்சு. தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாளாவது திறந்து வைக்க வேண்டும். குளோரின் போய்விடும்.

இரண்டு, அவசரம். இறால் ஒரு தண்ணீரில் இருந்து வேறு தண்ணீருக்குத் திடீரென்று மாறினால் தாங்காது. கடைப் பையில் இருக்கும் தண்ணீரோடு நம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பொறுமை வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. புதுத் தொட்டி இறாலுக்கு ஆகாது. இறாலின் கழிவு தண்ணீரில் நஞ்சாக மாறும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நல்ல கிருமிகள் தொட்டியில் வளர வேண்டும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். நம் வீட்டில் தோசை மாவு புளிப்பதும் கிருமியால்தான். எல்லாக் கிருமியும் கெட்டது அல்ல.

இந்த முறை அக்கா அவசரப்படவில்லை. தொட்டியின் அடியில் கழுவிய மணல் போட்டார். பாசி வைத்தார். காற்று மோட்டாரும் பஞ்சு வடிகட்டியும் பொருத்தினார். தினமும் ஒரு சிட்டிகை இரை மட்டும் போட்டார். நல்ல கிருமி வளர அதுவும் தேவை. ஒரு மாதம் காத்திருந்தார். பழகிய தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் இந்த வேலை சீக்கிரம் நடக்கும்.

பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. நல்ல கிருமி செத்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

எதை வாங்கலாம்?

மகளும் அக்காவும் மறுபடியும் கடைக்குப் போனார்கள். இந்த முறை பார்த்து வாங்கினார்கள். அவர்கள் பார்த்தது இவை:

1. கடைத் தொட்டியில் செத்த இறால் கிடக்கிறதா? கிடந்தால் அங்கே வாங்க வேண்டாம்.
2. இறால் ஓயாமல் மேய்கிறதா? மேயும் இறால் நலமான இறால்.
3. மிகப் பெரியதை எடுக்க வேண்டாம். அது வயதானதாக இருக்கலாம். செர்ரி இறாலின் ஆயுளே ஒன்று இரண்டு வருடம்தான். நடுத்தரமானதை எடுக்கலாம்.
4. ஆணும் பெண்ணும் வேண்டும். பெண் பெரியது, நல்ல சிவப்பு, வயிறு வளைந்திருக்கும். ஆண் சிறியது, நிறம் வெளுத்திருக்கும்.
5. ஒரே நிறத்தில் வாங்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலந்து வளர்த்தால் வரும் தலைமுறைகளில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும்.

ஓடையில் வாழும் செர்ரி இறாலுக்குப் பழுப்பு நிறம்தான். அதில் சிவந்தவற்றையே மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார்கள். நல்ல கதிரைப் பார்த்து விதை நெல் எடுக்கிறோம் அல்லவா? அதே முறைதான். அதனால் வெளுத்த குஞ்சுகளை வேறு தொட்டியில் விட வேண்டும். சிவந்தவற்றை முதல் தொட்டியில் வைக்க வேண்டும்.

மருந்துப் புட்டி

கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சை படிந்தது. அண்ணன் தெரிந்தவரிடம் இருந்து ஒரு புட்டி மருந்து வாங்கி வந்தார். "இதை ஊற்றினால் பச்சை போய்விடுமாம்" என்றார். மூடியைத் திறந்தும் விட்டார்.

"கொஞ்சம் இருங்க. அதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் அக்கா.

எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "காப்பர் சல்பேட்" என்றாள்.

அது மயில்துத்தம். செம்பில் இருந்து செய்வது. பாசியைக் கொல்லும். மீனின் நோய்க்கும் பயன்படுத்துவார்கள். ஆனால் இறாலுக்குச் செம்பு கொடிய நஞ்சு. ஒரு முறை ஊற்றியிருந்தால் தொட்டி முழுவதும் செத்திருக்கும்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. புட்டியை மூடி மேல் அலமாரியில் வைத்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் சில வழக்கங்கள் வந்தன. செம்புக் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது இல்லை. தொட்டி இருக்கும் அறையில் பூச்சி மருந்து அடிப்பது இல்லை. தொட்டியில் கை விடும் முன் சோப்பு போகக் கையை அலசுகிறார்கள். பச்சையை யாரும் துடைப்பது இல்லை. அதுதான் இறாலின் சாப்பாடு.

நாட்காட்டியில் ஒரு வட்டம்

மார்ச் 3 அன்று ஒரு பெண் இறாலின் வயிற்றுக்குக் கீழே முட்டை தெரிந்தது. இருபது முப்பது இருக்கும். தாய் தன் கால்களால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. அக்கா நாட்காட்டியை எடுத்தார். 3 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் 'முட்டை' என்று எழுதினார். முட்டை பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும்.

வெயில் காலம் தொடங்கியது. தண்ணீர் சூடானால் அதில் காற்று குறையும். அக்கா தொட்டியை ஜன்னல் ஓரத்தில் இருந்து நகர்த்தினார். பகலில் தண்ணீரின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தார். வற்றிய தண்ணீருக்குப் பதில் ஆற வைத்த தண்ணீர் ஊற்றினார். காய்ந்த பாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டார். மருந்து படாத மரத்து இலைதான். வேக வைத்த கீரையில் ஒரு சிறு துண்டு போட்டார். மிச்சத்தை அன்றே எடுத்துவிட்டார். தின்னாத இரை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

ஒரு நாள் மகள் பயந்து ஓடி வந்தாள். "அம்மா, ஒண்ணு செத்துப்போச்சு!" அடியில் வெறும் ஓடு கிடந்தது. இறால் சாகவில்லை. வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றியிருந்தது. அந்த ஓட்டை எடுக்கத் தேவை இல்லை. இறாலே அதைத் தின்னும்.

மார்ச் 28 காலை. அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாசியின் மேல் ஏதோ அசைந்தது. எள்ளைவிடச் சின்னது. ஆனால் மீசை இருந்தது, கால் இருந்தது, முழு இறால். அண்ணன்தான் குனிந்து குனிந்து எண்ணினார். பதினேழு வரை எண்ணினார். பிறகு கணக்கு தப்பிவிட்டது.

நாட்காட்டியில் 28-க்குப் பக்கத்தில் 'குஞ்சு' என்று மகள் எழுதப் போனாள். "நான் எழுதுறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார் அக்கா.

மிஞ்சியதை என்ன செய்வது?

குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வரும். அவையும் முட்டை இடும். தொட்டி நிறைந்துவிடும்.

மிஞ்சியதை வாய்க்காலில் விடலாமா? விடவே கூடாது. அது இந்த ஊர் இறால் அல்ல. வெளியூர் உயிர் இங்கே பெருகினால் உள்ளூர் உயிருக்கு இடம் இல்லாமல் போகலாம். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனைச் சிலர் வெளியே விட்டார்கள். இன்று அது கேரளத்து நீர்நிலைகளிலும் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கிறது. மீனவரின் வலையைக் கிழிக்கிறது.

அக்கா மிஞ்சிய இறாலைத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறார். கடைக்காரர் கேட்டால் விற்கிறார். ஆனால் இதை நம்பிக் கடன் வாங்கவில்லை. பெரிய அளவில் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வைட்டிலாவுக்குத் தெற்கே பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

கணக்குப் போடுவோம்

1. தொட்டியின் நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொட்டி முழுவதும் நிறைத்தால் எத்தனை லிட்டர்?
2. தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். எத்தனை லிட்டர் மாற்ற வேண்டும்?
3. மார்ச் 3 அன்று முட்டை தெரிந்தது. மார்ச் 28 அன்று குஞ்சு தெரிந்தது. இடையில் எத்தனை நாள்?

கூடிப் பேசுவோம்

1. வாய்க்கால் இறாலின் குஞ்சு ஏன் பிழைக்கவில்லை?
2. உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது?
3. உங்கள் ஊர்க் குளத்தில் முன்பு இருந்து, இப்போது இல்லாத மீன் எது? அதற்குக் காரணம் என்ன?