படகு ஏன் வாலாட்டுகிறது?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் போயிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முன்னே ஒரு பிக்கப் வண்டி. பின்னே டிரெய்லரில் ஒரு மீன்பிடிப் படகு. கோலா ரொம்பின் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்கள். பெரும்பாலும் படகு சமர்த்தாக வண்டியைத் தொடர்ந்து போகும். எப்போதாவது ஒன்று மட்டும் மாட்டு வாலைப்போல இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு போகும். அந்த ஆட்டம் பெருகினால், டிரெய்லர் தன்னை இழுக்கும் வண்டியையே சுழற்றிச் சாலையின் குறுக்கே போட்டுவிடும்.

"ஓட்டத் தெரியாதவன்" என்று காரில் இருக்கும் பெரியவர்கள் சொல்லக்கூடும். ஆனால் பல வேளைகளில் தவறு ஓட்டுவதில் இல்லை. புறப்படுவதற்கு முன் சுமையை வைத்த இடத்தில் இருக்கிறது.

இறகுப் பந்து சொல்லும் பாடம்

பூப்பந்தாட்டத்தில் இறகுப் பந்தை எப்படி அடித்தாலும் தக்கைப் பகுதி முன்னே திரும்பிக்கொள்கிறது. எடை அதிகம் இருப்பது தக்கையில். காற்று பிடித்து இழுப்பது பின்னாலுள்ள இறகுகளை. டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்பவை டயர்கள். டயர் முன்னோக்கி எளிதாக உருளும். பக்கவாட்டில் தள்ளினால் எதிர்க்கும். டிரெய்லரின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருக்கும்வரை, அது சற்று விலகினாலும் டயர்கள் பின்னாலிருந்து அதை நேராக்கிவிடும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், இறகுப் பந்தை இறகு முன்னாக எறிந்த கதைதான். அது திரும்பப் பார்க்கும். கொக்கி பிடித்திருப்பதால் முழுவதுமாகத் திரும்ப முடியாது. அந்தக் கோபத்தை வண்டியின் பின்பகுதியில் காட்டும்.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே? அதற்கு எளிய வழி உண்டு. டிரெய்லரின் முன்முனை, வண்டியின் இணைப்பு உருண்டையை எவ்வளவு எடையுடன் அழுத்துகிறது என்று பாருங்கள். இதை முனைச் சுமை என்போம். இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். ஆனால் அங்கே வேகமும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பிரிட்டனில் கேரவன் இழுக்கும் கார், மோட்டார் சாலையிலும் மணிக்கு 60 மைலைத் தாண்டக்கூடாது.

ஒரு படகு, இரண்டு பயணங்கள்

நெம்புகோல் பாடத்தில் படித்த திருப்புத்திறனை இப்போது பயன்படுத்துவோம். எடையைத் தூரத்தால் பெருக்குவது, அவ்வளவுதான்.

படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு உருண்டையிலிருந்து அச்சுவரை 4 மீட்டர். ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால். அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், முனைச் சுமை = 1,000 × 0.4 ÷ 4 = 100 கிலோ. அதாவது 10 விழுக்காடு. போகும்போது படகு ஆடாமல் போகிறது.

திரும்பி வரும் நாள். மீனும் ஐஸும் நிறைந்த பெட்டி 80 கிலோ. தூக்கி வைக்க வசதியாக இருக்கிறதே என்று படகின் பின்கோடியில், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வைக்கிறார்கள். 80 × 2 ÷ 4 = 40. முனைச் சுமை 60 கிலோவாகக் குறைகிறது. இரவில் பெய்த மழையில் படகுக்குள் 60 லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது. அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அதுவும் 2 மீட்டர் பின்னால் தேங்கினால் இன்னும் 30 கிலோ குறையும். இப்போது மொத்தம் 1,140 கிலோ, முனைச் சுமையோ வெறும் 30 கிலோ. 3 விழுக்காடுகூட இல்லை!

அதே படகு, அதே ஓட்டுநர், அதே சாலை. வந்தது வேறு டிரெய்லர்.

மீன்பிடிப் படகில் இந்த ஆபத்து கூடுதல். இயந்திரம் ஏற்கெனவே பின்கோடியில்தான் தொங்குகிறது. 100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட நான்கு வீச்சு இயந்திரங்கள் பொதுவாக 150 கிலோவைத் தாண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்னால் குவித்துவிடலாமா? கூடாது. முனைச் சுமை மிகுந்தால் வண்டியின் பின்பகுதி அமுங்கும், முன்பகுதி எழும். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர், இணைப்பு உருண்டை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்றால், 200 கிலோ முனைச் சுமை முன் சக்கரங்களிலிருந்து 80 கிலோவைப் பறித்துவிடும். திருப்புவதும், பிரேக்கின் பெரும்பகுதி வேலையும் அந்த முன் சக்கரங்களை நம்பித்தான் இருக்கின்றன. வண்டி தாங்கக்கூடிய உச்ச முனைச் சுமை அதன் கையேட்டில் இருக்கும்.

இன்னொரு தந்திரமும் பலிக்காது. பின்னால் 100 கிலோ வைத்துவிட்டு, சரிக்கட்ட முன்னால் 100 கிலோ வைப்பது. முனைச் சுமை கணக்கில் சரியாக வரும். ஆனால் சுழலும் பொருளின் நிலைமம் தூரத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அச்சிலிருந்து 2 மீட்டரில் உள்ள சுமை, அரை மீட்டரில் உள்ள அதே சுமையைவிட 16 மடங்கு நிலைமம் தரும். ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமான பொருள் அச்சின் அருகே, சற்றே முன்னால், தாழ்வாக இருப்பதுதான் நல்லது.

வேகம் ஏன் எதிரி?

வண்டி ஓடும்போது டிரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடினால், டயர்கள் சாலையை ஒரு சிறு கோணத்தில் உரசி அந்த ஆட்டத்தைத் தணிக்கின்றன. பக்கவாட்டு வேகத்துக்கும் முன்னோக்கிய வேகத்துக்கும் உள்ள விகிதமே அந்தக் கோணம். முன்வேகம் இரு மடங்கானால், அதே ஆட்டத்துக்குக் கோணம் பாதியாகும். தணிக்கும் விசையும் ஏறத்தாழப் பாதியாகும். அதனால் ஒவ்வொரு வண்டி-டிரெய்லர் இணைக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் இரண்டு மூன்று வீச்சில் அடங்கும். அதற்கு மேலே ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். முனைச் சுமை குறையக் குறைய இந்த எல்லை கீழே இறங்கும். அதனால்தான் இறக்கத்தில் வேகம் கூடும்போதும், பக்கத்தில் பேருந்து கடந்து காற்று அறையும்போதும் ஆட்டம் திடீரெனத் தலைகாட்டுகிறது.

அப்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பதறிப்போய் வண்டியின் பிரேக்கை அழுத்தினால், பின்னால் வரும் ஒரு டன் எடை வண்டியை முன்னுக்குத் தள்ளும். இணைப்பு முனையில் மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை மாறி மாறித் திருப்பினாலும் வினைதான். மனிதர் எதிர்வினை சற்றுத் தாமதமாக வருவதால், ஊஞ்சலை ஆட்டிவிடுவது போலாகிவிடும்.

இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். 50 மில்லிமீட்டர் உருண்டையும் 2 அங்குல உருண்டையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்; 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். எந்த மூடிக்கு எந்த உருண்டை என்பது பொறிக்கப்பட்டிருக்கும், பார்த்தே பூட்ட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளை இணைப்புக்கு அடியில் குறுக்காக மாட்டினால், பூட்டு கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும்.

செய்து பாருங்கள்

மேலே சொன்ன படகில் தேங்கிய நீரை முழுவதும் வடித்துவிட்டோம். 80 கிலோ ஐஸ் பெட்டியை அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் நகர்த்தினோம். இப்போது முனைச் சுமை எவ்வளவு? மொத்த எடையில் அது எத்தனை விழுக்காடு? விடை 11-ஐச் சற்றே தாண்டினால் உங்கள் கணக்கு சரி.