‘நூற்றுக்கு எண்பது சரி’ என்றால் வாங்கலாமா?

எந்தக் கடைக்குக் கடனில் சரக்குப் போடலாம், எந்தப் பாக்கி இழுத்தடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் வந்துவிட்டன. பழைய பேரேட்டுக் கணக்கைக் காட்டிப் பழக்கினால், அதிலுள்ள போக்கைத் தானே கற்றுக்கொண்டு புதுக் கணக்கைக் கணிக்கும். இதற்கு ‘மெஷின் லேர்னிங்’ என்று பெயர். விற்க வருபவர் ‘நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும்’ என்பார். அந்த எண்பதை எப்படி எடைபோடுவது?

ஜெர்மனியில் ஒரு பிரபலமான கடன் கணக்குத் தொகுப்பு உண்டு. ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் ஹோஃப்மன் 1994-ல் ஆராய்ச்சிக்கு அளித்தது. கடன் வாங்கிய 1000 பேர். 700 பேர் நல்ல கணக்கு, 300 பேர் மோசம். இத்துறை படிப்பவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் பழகுகிறார்கள்.

எதையும் கற்காத ஒரு புரோகிராம், கண்ணை மூடிக்கொண்டு ‘எல்லோரும் நல்லவர்களே’ என்றாலும் 700 சரியாகிவிடும். ஆக, எழுபது சதவீதம் சும்மா வருவது. அதற்கு மேல் எவ்வளவு என்பதே கேள்வி.

அடுத்தது, தவறுகள் இரண்டும் ஒரே விலை அல்ல. மோசமானவரை நல்லவர் என்றால் நஷ்டம் 5, நல்லவரை மோசம் என்றால் 1 என்று அந்தத் தொகுப்பிலேயே குறித்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு இரண்டு புரோகிராம்களை வைத்துக்கொள்வோம். முதலாவது 200 பேரை மோசம் என்கிறது. அதில் 150 பேர் உண்மையில் மோசம். தப்பவிட்டது 150, வீணாகத் தடுத்தது 50. எண்பது சதவீதம் சரி. நஷ்டமோ 750-உம் 50-உமாக 800. இரண்டாவது 450 பேரைக் காட்டி, அதில் 240 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. தப்பியது 60, வீணாகத் தடுத்தது 210. எழுபத்து மூன்று சதவீதம்தான் சரி. நஷ்டம் 300-உம் 210-உமாக 510. நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

நம் மொத்த வியாபாரத்துக்கு அந்த ஐந்துகூடப் போதாது. இரண்டு சதவீத லாபத்தில் 10,000 ரூபாய் பில் போட்டால் கையில் நிற்பது 200. ஒரு பில் மூழ்கினால் அசல் 9,800 போச்சு. அதை ஈடுகட்ட இன்னும் 49 பில் போட வேண்டும். ஆனால் நல்ல வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் அவர் எதிர்க்கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவார். அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. எனவே ஒன்றுக்கு எத்தனை என்ற விகிதத்தை அவரவர் சரக்கைப் பார்த்து அவரவரே போட வேண்டும், விற்பவரிடம் விடக்கூடாது.

இன்னொன்று. பழக்கிய கணக்கையே திரும்பக் கொடுத்துச் சோதித்தால் நூற்றுக்கு நூறுகூட வரும். அது மனப்பாடம். கடைசி ஓராண்டுக் கணக்கைக் காட்டாமல் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். முந்தைய ஆண்டுகளை மட்டும் கொடுத்துப் பழக்கச் சொல்லுங்கள். பிறகு பூட்டிய ஆண்டின் வாடிக்கையாளர் விவரங்களை மட்டும், வசூல் முடிவை மறைத்துக் கொடுத்து, யார் யார் இழுத்தடிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். பிடித்தது எத்தனை, தப்பியது எத்தனை, வீணாகத் தடுத்தது எத்தனை என்று உங்கள் கணக்குப்பிள்ளையை விட்டே ஒத்துப் பார்த்து, அதன் பிறகு விலை பேசலாம்.