ஒட்டிவிட்டு அடிக்கவா, அடித்துவிட்டு ஒட்டவா?

கேள்வி: 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் விமான மாடல் வாங்கியிருக்கிறேன். முதலில் பெயின்ட் அடிப்பதா, ஒட்டுவதா?

பதில்: இரண்டும் மாறி மாறித்தான். விமானியின் இருக்கை, மீட்டர் பலகை, உட்சுவர் மூன்றையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். உடலின் இரு பாதிகளும் சேர்ந்துவிட்டால் அங்கே பிரஷ் நுழையாது. வெளிப்புறப் பச்சையும் பழுப்பும் அப்படியில்லை. இறக்கைகளை ஒட்டி, இணைப்புக் கோட்டில் புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னமே அடித்தால் தேய்ப்பில் அத்தனையும் போய்விடும். சக்கரம், புரொப்பெல்லரைத் தனியே அடித்துக் கடைசியில் பொருத்துங்கள்.

பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் துண்டுகளை இணைக்கிறது. நடுவே பெயின்ட் இருந்தால் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் விளிம்பை பிளேடால் சுரண்டிவிடுங்கள். கண்ணாடி மூடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், வெண்மையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.